ஸ்டிரைக் நாளை எண்றீங்க, கதவடைச்ச நாளையும் சேர்த்து எண்ணுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் வணிகப் பக்கத்துல ஸ்டிரைக்கால நாட்டுக்கு எத்தனை வேலைநாள் (ஒரு ஆள் ஒரு நாள் செய்யாம விட்ட வேலை) போச்சுன்னு ஒரு கட்டுரை வந்துச்சுங்க. ஜவுளி, ஆட்டோமொபைல், பேங்க், போக்குவரத்துன்னு துறை துறையா பிரிச்சு படமெல்லாம் போட்டு நல்லாத்தான் பண்ணியிருந்தீங்க, ஆனா படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல, அதான் எழுதறேன். நான் கோயமுத்தூர்ல ஒரு மில்லுல டைம் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மஸ்டர் ரோல்ங்கற வருகைப் பதிவேட்டை எழுதறது, ஷிப்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க, வராதவங்களுக்கு எத்தனை பதிலி ஆளுங்களை ஏத்தினோம்னு கணக்கு எடுக்கறது, லேபர் ஆபீசுக்குப் போற ரிப்போர்ட்டை டைப் அடிச்சு மேனேஜர் கையெழுத்துக்கு வைக்கறது இதுதான் என் பொழப்பு. அதனால நீங்க போடற நம்பர் எங்க இருந்து கிளம்பி வருது, யார் கை அதை எழுதுதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

உங்க கட்டுரையில கதவடைப்பு பத்தி ஒரு வரி கூட இல்லீங்க. தொழிலாளி வேலையை நிறுத்தின நாள் மட்டும் இருக்கு, முதலாளி கேட்டை பூட்டின நாள் இல்ல. மத்திய அரசோட லேபர் பீரோ வருஷா வருஷம் போடற புள்ளிவிவரத்துலயே ரெண்டும் தனித்தனி கட்டத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கும், நீங்க ஒண்ணை எடுத்துட்டு இன்னொன்னை விட்டுட்டீங்க. அதனால என்ன பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. 2004ம் வருஷத்து கணக்கை எடுத்துப் பாருங்க. அந்த வருஷம் இந்தியா முழுக்க போன வேலைநாள் சுமார் 2 கோடியே 39 லட்சம், அதுல ஸ்டிரைக்ல போனது சுமார் 48 லட்சம்தான், மிச்சம் 1 கோடியே 90 லட்சம் கதவடைப்புல போனது. அதாவது அஞ்சுல நாலு பங்கு முதலாளி பூட்டின பூட்டுல போயிருக்கு. 2000ம் வருஷத்துல ஸ்டிரைக்ல 1 கோடியே 20 லட்சம், கதவடைப்புல 1 கோடியே 68 லட்சம். 2005லயும் அதே கதைதான், ஸ்டிரைக்குக்கு 1 கோடியே 8 லட்சம், கதவடைப்புக்கு 1 கோடியே 88 லட்சம். தாராளமயம் வந்த 1991லயே கதவடைப்பு முந்திடுச்சு. இத்தனை வருஷமா இப்படி இருக்கும்போது ஸ்டிரைக்கால தொழில் கெடுதுன்னு மட்டும் ஜனங்க மனசுல எப்படி பதிஞ்சுதுன்னா, பேப்பர்ல அது மட்டும்தான் வருது, வேற காரணம் எனக்குத் தோணல.

முன்னாடி காலத்துல அப்படி இல்லங்கறதையும் சொல்லிடறேன், இல்லன்னா நான் ஒரு பக்கமா பேசறேன்னு நினைப்பீங்க. இந்த கணக்கு எடுக்கறதே 1921ல ஆரம்பிச்சது, அந்த வருஷம் ஸ்டிரைக்கும் கதவடைப்பும் சேர்த்து 396 தகராறு, ஆறு லட்சம் தொழிலாளிங்க, சுமார் 70 லட்சம் வேலைநாள்னு பதிவாயிருக்கு. நம்ம மெட்ராஸ்ல பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளிங்க மாசக்கணக்குல போராடினதும் அதே 1921தான். 1928ல பம்பாய் மில் தொழிலாளிங்க ஆறு மாசம் நின்னப்ப கணக்கு 3 கோடியே 16 லட்சத்துக்கு ஏறுச்சு, நம்ம பக்கம் தென்னிந்திய ரயில்வே ஸ்டிரைக்கும் அந்த வருஷம்தான் நடந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1974ல மே 8ம் தேதி ஆரம்பிச்சு இருபது நாள் நடந்த ரயில்வே ஸ்டிரைக், 17 லட்சம் பேர், அந்த வருஷம் மொத்தம் 4 கோடி வேலைநாள். 1979ல 4 கோடியே 38 லட்சம், அதுல பெரும்பங்கு ஸ்டிரைக்தான், நான் மறுக்கல.

1976 எமர்ஜென்சி வருஷத்தை மட்டும் தனியா பார்க்கணுங்க. அன்னைக்கு ஸ்டிரைக் பண்ணினா ஜெயில், சங்கத் தலைவர்ங்க பல பேர் உள்ள, சில பேர் தலைமறைவு. ஸ்டிரைக்ல போன வேலைநாள் சுருங்கி 28 லட்சத்துக்கு வந்துச்சு. அதே வருஷம் கதவடைப்புல போனது கிட்டத்தட்ட ஒரு கோடி. தொழிலாளி கையை கட்டிப் போட்ட வருஷத்துல முதலாளி கேட்டை பூட்டறது நிக்கல. ஸ்டிரைக் குறைஞ்சா தொழில் அமைதின்னு யாராவது எழுதும்போது எனக்கு இந்த வருஷத்து கணக்குதான் ஞாபகத்துக்கு வரும்.

1982 பம்பாய் பஞ்சாலை ஸ்டிரைக்கை உங்க கட்டுரையில பெருசா போட்டிருந்தீங்க, சரிதான், போட வேண்டியதுதான். ஜனவரி 18ம் தேதி சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் பேர் வெளிய வந்தாங்க. அந்த வருஷம் நாடு முழுக்க போன 7 கோடியே 46 லட்சம் வேலைநாள்ல பாதிக்கு மேல அந்த ஒரு ஸ்டிரைக்தான். ஆனா அதுக்கு அடுத்த வருஷம் அந்த நம்பர் இறங்கிடுச்சு, அதுக்கும் அடுத்து பார்த்தா காணவே காணோம். எல்லாரும் வேலைக்குத் திரும்பிட்டாங்களா? இல்லீங்க. லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்கு வேலையே போச்சு, அந்த ஸ்டிரைக்கை முறைப்படி யாரும் வாபஸ் வாங்கவே இல்ல. மஸ்டர் ரோல்ல பேர் இருக்கற வரைக்கும்தான் ஒருத்தனோட நாள் கணக்குல ஏறும், பேரை அடிச்சிட்டா அதுக்கப்புறம் அவன் எத்தனை வருஷம் சும்மா உக்கார்ந்தாலும் அது இழந்த வேலைநாள் இல்ல. டைம் ஆபீஸ்ல இருந்தவனுக்கு இது சாதாரண விஷயம், ஆனா படிக்கறவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லணும்.

கணக்கு எப்படி போடறாங்கன்னும் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா உங்க நிருபர் அதுல நிறைய விட்டிருக்கார். ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்ய வேண்டியது செய்யலன்னா அது ஒரு மனித வேலைநாள். நூறு பேர் அஞ்சு நாள்னா ஐநூறு. பத்து பேருக்கு குறைஞ்ச தகராறு கணக்குலயே வராது. அரசியல் காரணத்துக்கு நடக்கற பந்த், அனுதாபத்துக்கு பண்ற ஸ்டிரைக் இதெல்லாமும் வராது. மாநில லேபர் டிபார்ட்மெண்ட் அனுப்பினாத்தான் லேபர் பீரோ சேர்க்கும், அனுப்பறது கட்டாயம் இல்ல, லேட்டா வரும், சில மாநிலம் அனுப்பறதே இல்ல, அதனால புத்தகமா வர்றப்ப பல நேரம் வருஷக்கணக்குல பழசாயிருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிட்டு இந்த மாநிலம் அமைதி அந்த மாநிலம் கலவரம்னு போடறதுக்கு முன்னாடி இதை யோசிக்க வேணாமா? கதவடைப்பு கணக்குல மேற்கு வங்காளம் பெரும்பாலும் மேல நிக்கும், அங்க சணல் மில்லுகளை சும்மா சும்மா பூட்டுவாங்க, அதைப் பார்த்துட்டு அந்த ஊர் தொழிலாளி சண்டைக்காரன்னு சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம்.

அப்புறம் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். சம்பளம் பஞ்சப்படி, போனஸ், ஆட்குறைப்பு, ஒழுங்கீனம் வன்முறைன்னு பிரிச்சிருப்பாங்க. அதுல எதை எழுதறதுன்னு முதல்ல முடிவு பண்றது மில் ஆபீஸ்தான். நான் வேலை பார்த்த காலத்துல ஒரு மில்லுல நடந்ததை சொல்றேன், பேர் வேணாம். போனஸ் பேச்சு மாசக்கணக்குல இழுத்துக்கிட்டே இருந்துச்சு, மேனேஜ்மெண்ட் உக்கார்ந்து பேசவே வரல, ஸ்பின்னிங்ல ரெண்டாவது ஷிப்ட் ஆளுங்க ஒரு நாள் மெஷினை நிறுத்திட்டு கேட் மீட்டிங் போட்டாங்க. சாயங்காலம் ஆச்சு, நோட்டீஸ் ஒட்டி கேட்டை பூட்டிட்டாங்க. ஒரு ஷிப்ட் நின்னதுக்கு பல மாசம் பூட்டிக் கிடந்துச்சு மில். ரிப்போர்ட்ல காரணம் ஒழுங்கீனம்னு போச்சு, போனஸ்னு போகல. இன்னைக்கும் அந்த ஏரியாவுல கேட்டீங்கன்னா ஸ்டிரைக் பண்ணி கெடுத்துக்கிட்ட மில்லுனுதான் சொல்லுவாங்க, அந்த மில்லுல வேலை செஞ்சவங்களோட பசங்களே அப்படித்தான் சொல்றாங்க, கேக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

இப்ப சமீபத்து விஷயத்துக்கு வர்றேன். சாம்சங் ஸ்டிரைக் பத்தி நீங்க நிறைய எழுதியிருந்தீங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2024 செப்டம்பர் 9ல இருந்து அக்டோபர் 15 வரைக்கும் 37 நாள். மொத்தம் 1,800 பேருக்குக் கிட்ட இருக்கற இடத்துல சுமார் 1,500 பேர் நின்னாங்கன்னு வச்சுக்கலாம், ஞாயிறு, பண்டிகை லீவெல்லாம் கழிச்சா மிஞ்சி மிஞ்சி போனா 40 ஆயிரம் வேலைநாள் வரும். முக்கியமான கோரிக்கை என்ன, எங்க சங்கத்தை பதிவு பண்ணுங்க, எங்களோட உக்கார்ந்து பேசுங்க, அவ்வளவுதான். அந்தப் பதிவு 2025 ஜனவரியிலதான் கிடைச்சுது. இதுக்கு முதலீடு ஓடிடும், வெளிநாட்டுக்காரன் வரமாட்டான்னு எத்தனை கட்டுரை, எத்தனை டிவி விவாதம்.

அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் செல்போன் ஃபேக்டரியில என்ன நடந்துச்சு? ஹாஸ்டல் சாப்பாடு கெட்டுப்போய் பெண் பிள்ளைங்க நூத்துக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, ராத்திரியோட ராத்திரியா ரோட்டுல உக்கார்ந்தாங்க, டிசம்பர் 18ல மூடின ஃபேக்டரி ஜனவரி 12 வரைக்கும் திறக்கல. அங்க சுமார் 17 ஆயிரம் பேர் வேலை பார்த்தாங்க. லீவு நாளைக் கழிச்சாலும் மூணு லட்சம் வேலைநாளுக்கு மேல வருது, சாம்சங் ஸ்டிரைக் மாதிரி ஏழெட்டு மடங்கு. சம்பளம் குடுப்போம்னு கம்பெனி சொன்னது, அது வேற விஷயம், ஆனா உற்பத்தி நின்ன நாள் நின்ன நாள்தானே. அந்தப் பிள்ளைங்க உள்ள போய் ஸ்டிரைக் பண்ணல, கெட்டுப்போன சோத்தைத் தின்னு படுத்தாங்க. இந்த மூணு லட்சத்தை உங்க படத்துல எந்தத் துறைக்கு நேரா, யார் தலையில எழுதுவீங்க?

இன்னொரு கணக்கும் இருக்கு. 2019ல வண்டி விக்கலன்னு ஆட்டோமொபைல் கம்பெனிங்களே உற்பத்தி இல்லாத நாள்னு அறிவிச்சாங்களே, அந்த செப்டம்பர்ல அசோக் லேலண்ட் எண்ணூர் பிளாண்டுக்கு மட்டும் 16 நாள். ஒரே மாசத்துல 16 நாள் ஐயா. அதை சந்தை மந்தம்னு எழுதினீங்க, சரி, மந்தம்தான். ஆனா அங்க காண்ட்ராக்ட்ல இருந்த பையனுக்கு வேலையில்லாத நாள், கூலி இல்லாத நாள். தொழிலாளி ஒரு நாள் நின்னா நாட்டுக்கு நஷ்டம் இத்தனை கோடின்னு தலைப்பு போடறோம், கம்பெனி 16 நாள் நிறுத்தினா பங்குச்சந்தை பக்கத்துல சின்னதா போடறோம்.

எங்க ஊர் விஷயம் இதைவிட கொடுமை. தேசிய பஞ்சாலைக் கழகம், என்.டி.சி. மில்லுங்க, நாடு முழுக்க 23, அதுல தமிழ்நாட்டுல ஏழு, கோயமுத்தூர்ல மட்டும் அஞ்சு. பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் (சி.எஸ். அண்ட் டபிள்யூ.). 2020 மார்ச்ல கொரோனா லாக்டவுனுக்கு நிறுத்தினது, மத்த ஃபேக்டரியெல்லாம் ரெண்டு மூணு மாசத்துல ஓட ஆரம்பிச்சும் இதுங்க ஓடல. அரசாங்கத்தோட மில்லு. தொழிலாளிங்க ஓட்டுங்க ஓட்டுங்கன்னு கேட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க, ஆர்ப்பாட்டம் பண்ணினாங்க, பாதி சம்பளத்துல வருஷக்கணக்கா உக்கார்ந்தாங்க, அதுவும் சமயத்துக்கு வரல. சிங்காநல்லூர் சைடுல டீக்கடையில உக்கார்ந்தா அந்த மில் ஆளுங்க பேசறதைக் கேக்கலாம், மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் பி.எஃப். லோன் வரலைங்கறதுதான் பேச்சு. அவங்க யாரும் ஸ்டிரைக் பண்ணல. வேலை குடுங்கன்னு கேக்கறவங்க. அஞ்சு மில்லுலயும் வருஷத்துக்கு முன்னூறு நாள்னு வச்சாலும் எத்தனை லட்சம் வேலைநாள் போயிருக்கும்னு பெருக்கிப் பாருங்க. உங்க கட்டுரையில ஜவுளித் துறைக்கு போட்ட படத்துல இது ஒரு புள்ளி கூட இல்ல.

விசைத்தறியும் அப்படித்தான். 2022 ஜனவரி 9ல இருந்து கோவை திருப்பூர் மாவட்டத்துல கூலிக்கு நெசவு பண்ற தறிக்காரங்க ஒரு மாசத்துக்கு மேல தறியை நிறுத்தினாங்க. முந்தின நவம்பர்ல பேசி ஒத்துக்கிட்ட கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளருங்க குடுக்கலன்னுதான் அந்தப் போராட்டம். சோமனூர், பல்லடம், அவிநாசின்னு ரெண்டு லட்சம் தறிக்குப் பக்கம் நின்னுச்சுன்னு செய்தி வந்துச்சு. தறிக்காரர் அவரே பாதி தொழிலாளி பாதி முதலாளி, அவர் ஷெட்டுல நாலு பேர் அஞ்சு பேர் ஓட்டுவாங்க. பத்து பேருக்குக் கீழ கணக்குல வராதுன்னு மேல சொன்னேனே, அந்த விதி இங்கதான் வந்து வெட்டுது. சோமனூர்ல தறிச் சத்தம் நின்னு ஊரே வெறிச்சோடிக் கிடந்த நாளெல்லாம் புள்ளிவிவரத்துல பூஜ்யமா இருக்க வாய்ப்பு இருக்கு.

துறைக்குத் துறை ஒப்பிடறதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. 2021 மார்ச் 15, 16 ரெண்டு நாள் பேங்க் ஸ்டிரைக், பொதுத்துறை பேங்கை தனியாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு. பத்து லட்சம் பேர் கலந்துக்கிட்டதா சங்கங்கள் சொன்னாங்க. ரெண்டு நாள் பெருக்கல் பத்து லட்சம், இருபது லட்சம் வேலைநாள். சாம்சங் 37 நாளுக்கு 40 ஆயிரம். நம்பரை மட்டும் பார்த்தா பேங்க்காரங்க சாம்சங்காரங்களை விட ஐம்பது மடங்கு பெரிய போராட்டம் பண்ணின மாதிரி தெரியும். ஆனா பேங்க் ஊழியருக்குப் போனது ரெண்டு நாள் சம்பளம், சாம்சங் பையனுக்குப் போனது ஒரு மாசத்துக்கு மேல, இ.எம்.ஐ. கட்ட முடியாம நகையை அடகு வச்சிருப்பான். ரெண்டு போராட்டத்தையும் நான் மதிக்கறேன், ஒண்ணைத் தாழ்த்தி சொல்லல. அதனாலதான் வெளிநாட்டுல ஆயிரம் தொழிலாளிக்கு எத்தனை நாள்னு கணக்கு போடறாங்க, ஒரு ஆளுக்கு சராசரியா எத்தனை நாள் நீடிச்சுதுன்னும் பார்க்கலாம். இதை நீங்க ஒரு சின்ன கட்டமா சேர்த்திருந்தாலே படம் வேற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

கோரிக்கை எத்தனை நாளா கிடப்புல கிடந்துச்சுங்கறதும் யாரும் எழுதறதில்ல. 2018 ஜனவரி 4ம் தேதி அரசு பஸ் ஸ்டிரைக் ஆரம்பிச்சு 11ம் தேதி வரைக்கும் நடந்துச்சு, பொங்கல் நேரம், ஜனங்க கஷ்டப்பட்டாங்க, நானும் பஸ் ஸ்டாண்டுல நின்னவன்தான். ஆனா பழைய சம்பள ஒப்பந்தம் முடிஞ்சது 2016 ஆகஸ்ட்ல. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல பேச்சு பேச்சுன்னு இழுத்தாங்க, பழைய சம்பளத்தை 2.57 மடங்கா உயர்த்தக் கேட்டவங்களுக்கு 2.44 மடங்குங்கற இடத்துல நின்னுட்டாங்க, ரிட்டயர் ஆன டிரைவர் கண்டக்டருக்கு சேர வேண்டிய பணம் எத்தனையோ கோடி பாக்கி. கணக்குல ஏறினது அந்த எட்டு நாள். அதுக்கு முன்னாடி இழுத்தடிச்ச பதினாறு மாசத்துக்கு எந்தக் கட்டமும் கிடையாது. ஒரு சமரச அதிகாரி முன்னாடி எத்தனை தடவை பேச்சு நடந்துச்சு, எந்த தரப்பு எத்தனை தடவை வராம வாய்தா வாங்குச்சுன்னு லேபர் ஆபீஸ் ஃபைல்ல இருக்கும், உங்க நிருபர் போய் கேட்டா கிடைக்கும்.

ஸ்டிரைக் எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருதுன்னு சந்தோஷமா எழுதியிருந்தீங்க. குறைஞ்சது உண்மைதான். 1979ல நாடு முழுக்க 3,048 தகராறு, 1991ல 1,810, 2000ல 771, 2005ல 456. எதனால குறைஞ்சதுன்னு மில் ஏரியாவுல இருக்கறவங்ககிட்ட கேளுங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க மில்லுல பர்மனெண்ட் ஆளுங்கதான் அதிகம், பதிலி கொஞ்சம். நான் வெளிய வர்றப்ப காண்ட்ராக்ட்தான் அதிகம், கேம்ப் கூலின்னு தென் மாவட்டத்துல இருந்து கூட்டிட்டு வந்து ஹாஸ்டல்ல வச்சிருந்த சின்னப் பொண்ணுங்க, இப்ப ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைங்க. கேட்டுக்கு வெளிய போகவே வார்டன் அனுமதி வேணும். அந்தப் பொண்ணு எங்க போய் சங்கம் வைப்பா, யார்கிட்ட நோட்டீஸ் குடுப்பா? பிடிக்கலன்னா ஒரு நாள் ராத்திரி மூட்டையைக் கட்டிட்டு ஊருக்கு ரயிலேறிடுவா, சம்பள பாக்கியையும் விட்டுட்டு. ஸ்டிரைக் கணக்குல அது இல்ல, லெஃப்ட்னு, அதாவது வேலையை விட்டுப் போயாச்சுன்னு மஸ்டர்ல ஒரு எழுத்து, அவ்வளவுதான். இப்படி லெஃப்ட் லெஃப்ட்னு எழுதி எழுதி என் கை ஓஞ்சுது ஐயா.

மூடிட்டுப் போனதும் எந்தக் கணக்குலயும் இல்ல. நோக்கியா 2014 நவம்பர் 1ல இருந்து ஸ்ரீபெரும்புதூர்ல நிறுத்திடுச்சு, ஒரு காலத்துல எட்டாயிரம் பேர் நேரடியா வேலை பார்த்த இடம், பெண்கள்தான் நிறைய. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல அறிவிச்சு மறைமலை நகரை மூடிச்சு, அங்க சுமார் 2,600 பேர். அதுவும் அந்த நஷ்டஈடு சரியா குடுங்கன்னு 2022ல தொழிலாளிங்க உக்கார்ந்த சில வாரம் மட்டும் ஸ்டிரைக் நாளா செய்தியில வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ஆளுங்க வேலை தேடி அலைஞ்ச மாசமெல்லாம் கணக்குல இல்ல.

இதெல்லாம் ஏன் இப்ப அவசரமா சொல்றேன்னா, சட்டமே மாறிடுச்சு. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்திருக்கு. முன்னாடி பஸ், கரண்ட், தண்ணி மாதிரி பொதுப் பயன்பாட்டு சேவைக்குத்தான் ஸ்டிரைக் நோட்டீஸ் கட்டாயம், இப்ப எல்லா ஃபேக்டரிக்கும் 14 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், சமரசப் பேச்சு ஓடிட்டிருந்தா பண்ணக் கூடாது. பாதி பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து ஒரே நாள்ல கேஷுவல் லீவு போட்டா அதுவும் ஸ்டிரைக். இன்னொரு பக்கம் ஆட்குறைப்பு பண்ண, மூட அரசாங்க அனுமதி வாங்கணும்ங்கற வரம்பு நூறு பேர்ல இருந்து முன்னூறு பேருக்கு ஏறிடுச்சு. அதாவது 250 பேர் வேலை செய்யற மில்லை அனுமதி கேக்காம மூடிக்கலாம். இனி வர்ற வருஷத்துல சட்டப்படியான ஸ்டிரைக் குறையும், கேஷுவல் லீவும் ஸ்டிரைக்கா எண்ணப்படும், மூடறது சுலபமாகும். பழைய கணக்கையும் புது கணக்கையும் ஒரே கோட்டுல வரைஞ்சு ஏறுச்சு இறங்குச்சுன்னு நீங்க எழுதினா அது ரொம்பத் தப்பான படமாயிடும். இப்பவே ஒரு கோடு போட்டு வச்சுக்குங்க, இதுக்கு முன்னாடி பழைய சட்டம், இதுக்கு அப்புறம் புதுசுன்னு.

நஷ்டக் கணக்கு பத்தியும் ஒண்ணு சொல்லணும். ஸ்டிரைக் நடந்தா ஒரு நாளைக்கு இத்தனை கோடி நஷ்டம்னு கம்பெனி சொல்றதை அப்படியே போடறீங்க. மில்லுல இருந்தவனுக்குத் தெரியும், குடோன்ல நூல் மூட்டை மேல கிடக்கற சமயத்துல நாலு நாள் நின்னா மேனேஜ்மெண்டுக்கு பெரிய வருத்தம் கிடையாது, அப்புறம் ஓவர்டைம் போட்டு பிடிச்சிடுவாங்க. தொழிலாளிக்குப் போன சம்பளம் மட்டும் திரும்ப வராது. அந்த ரூபாயை எந்தப் பேப்பரும் கூட்டி எழுதினதை நான் பார்த்ததே இல்ல. 1,500 பேர் ஒரு மாசச் சம்பளம் விட்டாங்கன்னா எவ்வளவு, அது அந்த ஊர் மளிகைக் கடையில, ஸ்கூல் ஃபீஸ்ல எங்கெல்லாம் குறைஞ்சுதுன்னு ஒரு நிருபரை அனுப்பி எழுதச் சொல்லுங்க, ஜனங்க கண்டிப்பா படிப்பாங்க.

உங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. அடுத்த தடவை இந்தக் கணக்கை போடும்போது ஸ்டிரைக்குக்கு பக்கத்துலயே கதவடைப்பையும் போடுங்க, வேலை இல்லன்னு தற்காலிகமா நிறுத்தி வச்ச லே-ஆஃப் நாளையும் கம்பெனியே அறிவிச்ச உற்பத்தி இல்லாத நாளையும் கிடைச்ச வரைக்கும் போடுங்க, நம்பர் எந்த வருஷத்துது, எத்தனை மாநிலம் அனுப்பினதுன்னு கீழ ஒரு வரி போடுங்க. தமிழ்நாடு தொழிலாளர் துறைகிட்ட மாவட்ட வாரியா, மாசா மாசம் இந்த விவரத்தை வெளியிடச் சொல்லி உங்க பேப்பர் கேட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும், நான் ஒருத்தன் மனு குடுத்தா ஃபைலுக்குள்ள போயிடும். அப்புறம் கோயமுத்தூருக்கு ஒரு நிருபரை அனுப்புங்க, என்.டி.சி. மில் அஞ்சுக்கும் நானே கூட்டிட்டுப் போய் காட்டறேன். டைம் ஆபீஸ்ல வேலை பார்த்த பழைய ஆளுங்க இன்னும் சில பேர் இருக்காங்க, எந்த மில் எந்த வருஷம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்துச்சுன்னு கேட்டா சொல்லுவாங்க, நோட்டு வச்சிருக்கறவங்களும் இருக்காங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் கிளார்க்,
சிங்காநல்லூர், கோயமுத்தூர்.